பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்: எக்ஸ், வை நிறமூர்த்தங்கள் பிறப்புக்குப் பிறகும் வேலை செய்கின்றனவா?

கல்லடிப்பாலம் (மட்டக்களப்பு) எழுதியது

என் தங்கைக்கு லூப்பஸ் (உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய்) என்று தெரியவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாதம் ஒரு முறை அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்பவள் நான்தான். இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்து சுற்றிவரப் பார்த்தால், நீரிழிவுக் கிளினிக்கில் காண்பதுபோல ஆண்களும் பெண்களும் கலந்திருப்பதில்லை. அநேகமாக எல்லோரும் பெண்கள். வந்திருக்கும் ஓரிரு ஆண்களும் மனைவியையோ மகளையோ கூட்டி வந்தவர்கள். எந்த நாட்டை எடுத்தாலும் இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பெண்கள் என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன்.

காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே சொல்லில் "ஓமோன்" என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் மாதவிடாய் நின்று பல ஆண்டு கடந்த அம்மாமாரும் அதே வாங்கில்தான் இருக்கிறார்கள். சாதாரண தரத்தில் நான் படித்தது, எக்ஸ் இரண்டு என்றால் பெண், எக்ஸும் வையும் என்றால் ஆண் என்று கட்டம் போட்டுக் காட்டிய படம் மட்டும்தான். பிள்ளை ஆணா பெண்ணா என்று தீர்த்துவிட்டு அந்த நிறமூர்த்தங்கள் சும்மா கிடக்கின்றனவா, அல்லது வாழ்நாள் முழுவதும் உடலில் ஏதாவது செய்துகொண்டிருக்கின்றனவா? தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது. எங்களுக்கு ஒரு தம்பியும் இருக்கிறான்; அவனைப் பற்றிய யோசனையும் இந்தக் கேள்விக்குள் உண்டு.

வந்தாறுமூலை மாணவன் எழுதியது

அக்கா, ஓமோன் என்று சொன்னவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. முதல் ஆறு வாரங்களில் மனித முளையத்தின் இனப்பெருக்கச் சுரப்பி ஆணுக்குரியதும் அன்று, பெண்ணுக்குரியதும் அன்று. எந்தப் பக்கமும் போகக்கூடிய நிலையில் இருக்கும். அதன் பிறகு வை நிறமூர்த்தத்தில் உள்ள எஸ்.ஆர்.வை என்ற ஒரே ஒரு பரம்பரையலகு விழித்து, 17ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கும் சொக்ஸ்-9 என்ற பரம்பரையலகைத் தூண்டிவிட, அந்தச் சுரப்பி விதையாகிறது. விதை சுரக்கும் தெஸ்தொஸ்தரோனும் இன்னோர் ஓமோனும் சேர்ந்து உடலின் மற்ற ஆண் உறுப்புகளை உருவாக்குகின்றன. பிரான்சில் அல்பிரட் ஜொஸ்ட் 1947ல் முயல் முளையங்களிலிருந்து அந்தச் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தபோது, எல்லா முளையங்களும் பெண் உறுப்புகளோடுதான் வளர்ந்தன. 1990ல் இலண்டனில் எஸ்.ஆர்.வையைக் கண்டுபிடித்தவர்கள், அடுத்த ஆண்டில் அதற்கு நிகரான எலியின் பரம்பரையலகை இரண்டு எக்ஸ் கொண்ட எலி முளையத்தில் செலுத்தியதும் அது ஆண் எலியாகவே பிறந்தது.

ஆகவே நிறமூர்த்தத்தின் வேலை ஏழாவது வாரத்தோடு முடிந்துவிடுகிறது என்றும், அதன் பிறகு வருகின்ற வேறுபாடு எதுவாயினும் ஓமோனின் செயல் என்றும் கொள்வதே சரி.

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

தம்பி எழுதியதில் "ஆகவே" என்ற சொல் வரைக்கும் எனக்கு மறுப்பில்லை. உயர்தர உயிரியல் வகுப்பில் நீண்ட காலம் நானும் இப்படித்தான் கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின்னர் நிதானமாக வாசிக்கும்போதுதான், நான் கற்பித்ததில் எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்பது எனக்கே தெரிந்தது.

பெண்ணின் கலங்களில் எக்ஸ் இரண்டு, ஆணின் கலங்களில் ஒன்று. எக்ஸ் சின்னப் பொருள் அன்று. டீ.என்.ஏயின் எழுத்துகள் போன்ற மூலச்சோடிகள் 15 கோடிக்கு மேலும், புரதம் ஆக்குவதற்கான 800க்கு மேற்பட்ட பரம்பரையலகுகளும் அதில் உள்ளன. குருதி உறைவது, தசை உறுதியாக நிற்பது, கண் நிறம் பிரித்தறிவது, நோயை எதிர்ப்பது என்று பிள்ளைப்பேற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேலைகளே அவற்றுள் பெரும்பாலானவை. அப்படியானால் பெண்ணுக்கு அவ்வளவு புரதமும் இரட்டை மடங்காக ஊறாமல் தடுப்பது எது? கனடாவில் 1949ல் மரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பேர்ட்ராமும் பூனைகளின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, பெண் பூனையின் கலக்கருவில் ஒரு கரும்பொட்டு இருப்பதையும், கடுவனில் அது இல்லாததையும் கண்டார்கள். சுருண்டு ஒடுங்கிய எக்ஸ் ஒன்றுதான் அந்தப் பொட்டு என்று பின்னர் தெரிந்தது. 1961ல் இங்கிலாந்தின் மேரி லையன், பெண் எலிகளின் மயிரில் காணப்படும் திட்டுத் திட்டான நிறத்தை வைத்து, ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸில் ஏதாவது ஒன்று முளையப் பருவத்திலேயே அடைக்கப்பட்டுவிடுகிறது என்றும், எது அடைபடும் என்பது அந்தக் கலத்தின் அதிர்ஷ்டம் என்றும் சொன்னார். எக்சிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ அந்த எக்ஸைப் போர்வைபோல மூடி அடைக்கிறது என்பதை 1991க்குப் பிறகு அறிந்தோம்.

இவ்வளவையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இதற்கு அடுத்ததைத்தான் சொல்லவில்லை. இரண்டாவது எக்ஸ் முழுவதுமாக உறங்குகிறது என்றால், எக்ஸ் ஒன்று மட்டும் உள்ள பெண்ணுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. ஆனால் அப்படி ஓர் எக்ஸோடு, டேர்னர் நிலையில் பிறக்கும் பெண் பிள்ளைகள், ஏறத்தாழ 2,000 முதல் 2,500 பெண் பிறப்புகளுக்கு ஒருவர், குட்டையாக வளர்கிறார்கள். சூலகம் காலத்துக்கு முன்பே ஓய்ந்துவிடுகிறது. பலருக்கு இதயத்திலும் பெருநாடியிலும் குறை இருக்கிறது. உறங்குவதாகச் சொல்லப்பட்ட எக்ஸ் உண்மையில் அரைத்தூக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? மனிதரில் எக்ஸின் பரம்பரையலகுகளில் நூற்றுக்கு 15 அளவில் அந்த அடைப்புக்குத் தப்பிவிடுகின்றன என்று 2005ல் கணக்கிட்டார்கள். வேறு சில, ஒரு பெண்ணில் தப்பி இன்னொரு பெண்ணில் அடைபடுகின்றன. அதாவது பெண்ணின் ஈரலிலும் இதயத்திலும் வெண்குழியத்திலும் சில புரதங்கள் ஆணினதைவிடச் சற்றுக் கூடுதலாக ஆக்கப்படுகின்றன. ஏழாவது வாரத்தோடு இது முடிந்துபோவதில்லை. இன்றைக்கும் அந்தக் கலங்களில் நடந்துகொண்டிருக்கிறது.

கல்லடிப்பாலம் பிள்ளைக்கு: அடைப்புக்குத் தப்புகின்ற அந்தப் பட்டியலில் டீ.எல்.ஆர்-7 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் தங்கையின் நோய்க்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதை மருதமுனைத் தம்பி என்னைவிட நன்றாக விளக்குவார் என்று நினைக்கிறேன்.

மருதமுனை தறியடி எழுதியது

ரீச்சர் கூப்பிட்டதற்கு நன்றி. நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். வைத்தியர் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டீ.எல்.ஆர்-7 என்பது வெண்குழியத்துக்குள் இருக்கும் ஒரு காவற்காரப் புரதம். வைரசின் ஆர்.என்.ஏ உள்ளே வந்தால் அதை மோப்பம் பிடித்து அபாயச் சங்கு ஊதுவது அதன் வேலை. அதற்கான பரம்பரையலகு எக்ஸில் இருக்கிறது. பெண்களின் சில வெண்குழியங்களில் இரண்டு பிரதிகளும் திறந்திருப்பதைப் பிரான்சில் 2018ல் கலம் கலமாகப் பார்த்துக் காட்டினார்கள். எக்ஸ் இரண்டும் வை ஒன்றும் உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களிலும் இதே நிலைதான். அந்த ஆண்களின் கதை கல்லடிப்பாலம் அக்காவின் கேள்விக்கு நேரே விடை சொல்கிறது. அவர்கள் விதை உள்ளவர்கள், ஆண்களாக வளர்ந்தவர்கள். ஆயினும் அவர்களுக்கு லூப்பஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறத்தாழ 14 மடங்கு என்று 2008ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களில் தெஸ்தொஸ்தரோன் குறைவாக இருப்பதும் ஒரு காரணமாகலாம் என்று மாணவத் தம்பி சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2022ல் சிறுவயதிலேயே லூப்பஸ் வந்த ஒரு ஸ்பானியச் சிறுமியின் டீ.எல்.ஆர்-7இல் ஓர் எழுத்து மாறியிருந்ததைக் கண்டு, அதே மாற்றத்தை எலிகளில் செய்தபோது எலிகளுக்கும் லூப்பஸ் வந்தது. அங்கே ஓமோனில் எவரும் கை வைக்கவில்லை. அந்த ஒரு பரம்பரையலகு அளவுக்கு மிஞ்சிச் சங்கு ஊதியதே போதுமாக இருந்தது.

இதன் மறுபக்கத்தைக் கொரோனா காலத்தில் பார்த்தோம். 2020ல் நெதர்லாந்தில் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், முன்னர் எந்த நோயும் இல்லாதவர்கள், மூச்சுப் பொறியில் கிடக்கும் அளவுக்கு நோயுற்றார்கள். நால்வரிலும் டீ.எல்.ஆர்-7 பழுதாக இருந்தது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அது பழுதென்றால் கைகொடுக்க அடுத்தது இல்லை. கூடினால் தன் உடலையே கடிக்கும், குறைந்தால் வைரசுக்கு வழி விடும்.

வந்தாறுமூலை மாணவன் எழுதியது

"ஆகவே" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நேற்றிரவு தேடி வாசித்தேன். இந்தச் சிக்கலைப் பிரித்தெடுப்பதற்கென்றே ஓர் எலி வகையை உண்டாக்கியிருக்கிறார்கள். வையிலிருந்து எஸ்.ஆர்.வையை நீக்கி, வேறொரு சாதாரண நிறமூர்த்தத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அப்போது எக்ஸ் இரண்டு இருந்தும் விதை உள்ள எலி, வை இருந்தும் சூலகம் உள்ள எலி, அவற்றோடு வழமையான இரண்டும் என நான்கு வகை பிறக்கும். கலிபோர்னியாவில் ஆர்தர் ஆர்னல்ட் என்பவரின் குழு இந்த எலிகளை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தது. 2012ல் வெளியான பரிசோதனையில், வளர்ந்த எலிகளின் விதையையும் சூலகத்தையும் அகற்றி, ஓமோனே இல்லாத நிலையில் பல மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். எக்ஸ் இரண்டு உள்ள எலிகள், முன்பு அவற்றுக்கு விதை இருந்ததோ சூலகம் இருந்ததோ, எக்ஸ் ஒன்று உள்ளவற்றைவிடத் தெளிவாகவே கொழுத்திருந்தன.

மருதமுனை தறியடி எழுதியது

நல்ல பரிசோதனைதான். ஆனால் அதன் பின்கதையையும் சேர்த்து வாசியுங்கள். இந்த எலிகள் அநேக ஆய்வுகூடங்களுக்குப் பரவிய பிறகு, 2024ல் ஒரு குழு அவற்றின் டீ.என்.ஏயை முழுமையாக வாசித்தபோது, பரவலாகப் பயன்படும் ஓர் எலி வம்சத்தில் எக்ஸின் 32 இலட்சம் மூலச்சோடி நீளமுள்ள ஒரு துண்டு வையில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டது. அந்தத் துண்டுக்குள் இருப்பவற்றுள் ஒன்று டீ.எல்.ஆர்-7! ஆகவே அந்த வம்ச எலிகளை வைத்து நோயெதிர்ப்புப் பற்றி எழுதியவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. மனிதரில் கிடைத்த சான்றுகள் வேறு வழியில் வந்தவை என்பதால் அவற்றுக்கு இதனால் பாதிப்பில்லை. ஆய்வுகூடத்தில் குப்பியின் சுட்டியை நம்பாமல் மறுபடி பார் என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள். உலகத் தரத்து ஆய்வுகூடங்களுக்கும் அது பொருந்துகிறது என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல்.

சம்மாந்துறை வயற்காரன் எழுதியது

எல்லாம் வாசித்தேன். ஒரு விடயத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்களுக்கு வருகின்ற நோயையெல்லாம் இப்படியே நிறமூர்த்தத்தின் தலையில் கட்டிவிடப் போகிறீர்களோ என்று தோன்றுகிறது. மாரி தொடங்கி வயல் நிறையத் தண்ணீர் நின்றால் எங்கள் பக்கம் எலிக்காய்ச்சல் வரும். வாட்டில் போய்ப் பார்த்தால் படுத்திருப்பவர்கள் ஆண்கள்தான். அதற்குக் காரணம் வையோ எக்ஸோ அன்று. காலில் வெடிப்போடு சேற்றில் நின்று வரம்பு கட்டியவன் ஆண் என்பதுதான். மோட்டார் சைக்கிளில் அடிபடுபவன் ஆண், மரத்தில் ஏறி விழுபவன் ஆண், சுருட்டுப் புகைப்பவனும் பெரும்பாலும் ஆண். ஆண்கள் சீக்கிரம் போய்ச் சேருவதற்கு வாழ்க்கை முறையே போதும், நிறமூர்த்தம் எதற்கு?

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

வயற்காரர் சொல்வதுபோல எலிக்காய்ச்சலைச் சேற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும். நம்மவர்கள் ஆண் பெண் வேறுபாடு எதைக் கண்டாலும் "அது பிறவிக் குணம்" என்று சொல்லிவிடுவதில் வல்லவர்கள் என்பதால், இந்த எச்சரிக்கை இழையின் தொடக்கத்திலேயே வந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் சேற்றிலும் இறங்காத, சுருட்டும் புகைக்காத ஒருவரை எடுத்துக்கொள்வோம்: மாதம் நிறையாமல் பிறந்த குழந்தை. ஒரே வாரத்தில் பிறந்த ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஒரே கண்ணாடிப் பெட்டி, ஒரே பால், ஒரே தாதி. அப்படியிருந்தும் மூச்சுத் திணறலும் இறப்பும் ஆண் குழந்தைகளிலேயே அதிகம். உலகில் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஆண் குழந்தைகளின் வீதமே கூடுதல். இதில் கருவறையில் ஊறிய தெஸ்தொஸ்தரோனுக்கும் பங்குண்டு, ஒற்றை எக்ஸுக்கும் பங்குண்டு. வாழ்க்கை முறைக்கு மட்டும் பங்கில்லை.

மருதமுனை தறியடி எழுதியது

வயற்காரர் காக்காவின் சுருட்டை நான் விட மாட்டேன், ஏனென்றால் அது நிறமூர்த்தத்தின் வாசலுக்கே வருகிறது. வயது போகப்போக ஆண்களின் குருதிக் கலங்கள் சிலவற்றில் வை நிறமூர்த்தம் உதிர்ந்து காணாமற் போகிறது. பிரித்தானியாவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களைச் சோதித்தபோது, ஐவரில் ஒருவருக்கு இந்த இழப்புக் கண்டறியக்கூடிய அளவில் இருந்தது; 70 வயதானவர்களில் நூற்றுக்கு 40க்கும் மேல். புகைப்பவர்களில் இது பல மடங்கு கூடுதலாக நிகழ்கிறது என்றும், விட்டவர்களில் குறைவாகக் காணப்படுகிறது என்றும் சுவீடனில் 2014, 2015 ஆண்டுகளில் காட்டினார்கள். வை போனால் என்ன, விதைதான் இருக்கிறதே என்று கேட்கலாம். 2022ல் ஆண் எலிகளின் எலும்பு மச்சைக் கலங்களிலிருந்து வையை அகற்றிப் பார்த்தார்கள். அந்த எலிகளின் இதயத்தில் தழும்பு இழையம் படிந்து, அவை விரைவாக இறந்தன. அதில் யூ.டீ.வை என்ற ஒரு பரம்பரையலகின் இழப்பே முக்கியமானது என்றும் பின்னர் கண்டார்கள். வை வெறும் ஆணாக்கும் பொத்தான் என்றால் இதயத்துக்கு இப்படி ஆகியிருக்குமா?

சுருட்டு வாழ்க்கை முறை; வை பரம்பரை. ஒன்று மற்றதை உதிர்க்கிறது. காக்கா கேட்ட கேள்வியில் இருந்த "இதுவா, அதுவா" என்ற பிரிப்பு இந்த இடத்தில் நிற்கவில்லை.

சம்மாந்துறை வயற்காரன் எழுதியது

சுருட்டை நான் விட்டு ஆறு வருடம். மிச்சமிருக்கும் வையாவது நிற்கட்டும்.

போரதீவுக் கிழவன் எழுதியது

வயதானவன் ஒருவனின் கேள்வி. நம் பகுதியில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியே வருவது. ஆண்பிள்ளை தாயின் குடி. அவன் பிள்ளைகளோ அவனுடைய குடியில் சேராமல் மனைவியின் குடியில் சேர்வார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரைத் தெரிவு செய்வதும், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காரைத் தெரிவு செய்வதும் இந்தக் கணக்கில்தான் வழமையாக நடந்தன. ஆண் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான் என்றால், நம் முன்னோர் சொன்ன குடியும் எக்ஸும் ஒரே வழியில்தான் ஓடுகின்றன என்று கொள்ளலாமா?

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

ஐயா, இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்டிருந்தால் அந்த ஆண்டே என் சம்பளம் செரித்திருக்கும்.

குடியோடு அப்படியே பொருந்தி ஓடுவது எக்ஸ் அன்று, இழைமணியின் டீ.என்.ஏ. கலத்துக்குச் சக்தி ஆக்கித் தரும் இழைமணிக்குத் தனியாக 16,569 மூலச்சோடிகள் கொண்ட ஒரு சிறு டீ.என்.ஏ வளையம் உண்டு. அது தாயிடமிருந்து மகனுக்கும் மகளுக்கும் வரும், மகனோடு நின்றுவிடும், மகள் வழியாக மேலும் செல்லும். தாய்வழித் தொடர்ச்சியை வயிற்றுவார் என்று நாம் சொல்வது இதற்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

எக்ஸோ குடி மாறிப் போவது. ஓர் ஆண் தன் தாயிடமிருந்து பெற்ற எக்ஸை மகன்மாருக்குக் கொடுக்கவே முடியாது. மகள்மார் அத்தனை பேருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். ஆகவே தகப்பனின் தாயுடைய எக்ஸ், குடியால் வேறான பேத்தியிடம் போய்ச் சேர்கிறது. அவளுடைய அண்ணன் தம்பியிடம் அது இராது. இன்னொன்றையும் கவனியுங்கள். தாயின் இரண்டு எக்ஸும் தமக்குள் துண்டு மாற்றிக்கொண்டுதான் பிள்ளைக்கு வரும் என்பதால், ஒரு தாயின் பிள்ளைகளுக்குள் அது வேறுபடும். தகப்பனிடம் ஒன்றே இருப்பதால், ஒரே தகப்பனின் மகள்மார் எல்லோரும் ஏறத்தாழ ஒரே எக்ஸைப் பெறுகிறார்கள். வையின் வழி தகப்பன், மகன், பேரன் என்று நேரே போகிறது.

இந்த ஓட்டத்தை அறிந்தால், நிறக்குருடு, குருதியுறையா நோய் முதலியன ஏன் தாயின் தகப்பனிடமிருந்து பேரனுக்கு, இடையில் தாயிடம் வெளித்தெரியாமல் தாவுகின்றன என்பது புரியும். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு 8 பேர் அளவில் சிவப்பு பச்சை நிறக்குருடு உள்ளவர்கள். பெண்களில் 200க்கு ஒருவர். பெண்ணுக்கு இரண்டு எக்ஸும் பழுதாக வேண்டும்.

ஒற்றை வரி ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், ஊரில் இன்னமும் சொல்லத் தேவைப்படுவதால்: பிள்ளைக்கு வை வருமா எக்ஸ் வருமா என்பது தகப்பனின் விந்தில் இருப்பது, பெண் பிள்ளையே பெறுகிறாள் என்று மருமகளைக் குறை சொல்ல உயிரியலில் இடமில்லை.

போரதீவுக் கிழவன் எழுதியது

விளங்கியது, பிள்ளை. "தகப்பன் வீட்டு ஆச்சியைப்போல இருக்கிறாய் மனே" என்று பெண் பிள்ளைகளைப் பார்த்து நம் பெண்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது போலும்.

மருதமுனை தறியடி எழுதியது

பெண்ணுக்கு இரண்டு பிரதிகள் இருப்பது எப்போதும் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ஜீ-6-பீ-டீ என்ற நொதியம் செங்குழியத்தைக் காப்பது. அதன் பரம்பரையலகும் எக்ஸில்தான் இருக்கிறது. உலகில் 40 கோடி அளவிலானோருக்கு இந்த நொதியம் குறைவு. மலேரியா இருந்த நிலங்களில் இது பரவலாகக் காணப்படுவதற்குக் காரணம், அந்தக் குறைவு மலேரியாவிலிருந்து ஓரளவு காத்தது என்பதே. நம் மாவட்டங்கள் மலேரியாவுக்குப் பேர்போனவையாக இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். இலங்கையில் மலேரியாவின் தொடர்ச்சியான உள்ளூர்ப் பரவல் 2012இல் நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. ஈரலில் ஒளிந்திருக்கும் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமியை ஒழிக்கக் கொடுக்கும் பிரைமாகுவின் குளிசை, இந்த நொதியம் குறைந்தவரின் செங்குழியங்களை உடைத்துவிடும். அதனால்தான் முதலில் குருதியைச் சோதிக்கிறோம்.

ஆணில் விடை எளிது. எல்லாச் செங்குழியங்களும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பிரதி மட்டும் பழுதான பெண்ணிலோ ஒரு பகுதிக் குழியங்களில் நொதியம் உண்டு, மறு பகுதியில் இல்லை. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை அவளை "உண்டு" என்று அனுப்பிவிடக்கூடும். அளவைச் சொல்லும் சோதனைதான் அவளைப் பிடிக்கும். மேரி லையன் எலியில் சொன்னதை மனிதப் பெண்ணில் ஏர்னஸ்ட் பியூட்லர் 1962ல் காட்டியதும் இதே நொதியத்தை வைத்துத்தான். பெண்ணின் உடல் இரண்டு நூல் சேர்த்து நெய்த துணி. தறிக்காரர் ஊரில் பிறந்தவன் என்பதால் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றுகிறது.

அக்கரைப்பற்று மதீனா எழுதியது

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மூன்று நிறப் பூனைகள் எல்லாம் பெண்கள் என்று எங்கோ வாசித்தேன். எங்கள் வீட்டில் கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் உள்ள பூனை ஒன்று நிற்கிறது. அது கடுவன் என்று எங்கள் வாப்பா அடித்துச் சொல்கிறார்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

மகள், அது கடுவன் என்றால் பெரும்பாலும் எக்ஸ் இரண்டும் வை ஒன்றும் உள்ள, நம் கிளைன்ஃபெல்டர் ஆண்களை ஒத்த அரிய பூனை. செம்மஞ்சளா கறுப்பா என்று தீர்மானிக்கும் பரம்பரையலகு எக்ஸில் இருப்பதால், இரண்டு நிறமும் சேர்ந்து வர எக்ஸ் இரண்டு வேண்டும். எந்தப் பரம்பரையலகு என்பது நூறு ஆண்டுகளாகத் தெரியாமல் இருந்து, 2025ல்தான் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டு வெளியிட்டன. வெள்ளை வேறொரு நிறமூர்த்தத்தின் வேலை. வாப்பாவை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

விலங்குகளைத் தொட்டதால் கோழியையும் சொல்லிவிடுகிறேன். பறவைகளில் கணக்குத் தலைகீழ். சேவலுக்கு ஒரே மாதிரியான இரண்டு, பேட்டுக்கு வெவ்வேறான இரண்டு. ஒரு பக்கம் சேவலாகவும் மறு பக்கம் பேடாகவும் உள்ள கோழிகள் மிக அருமையாகப் பிறக்கின்றன. அப்படியான சிலவற்றை எடின்பரோவில் ஆராய்ந்து 2010ல் எழுதினார்கள். உடல் முழுவதும் ஓடுவது ஒரே குருதி, அதில் இருப்பவை ஒரே ஓமோன்கள். அப்படியிருந்தும் ஒரு பக்கத்தில் பெரிய தாடியும் முள்ளும், மறு பக்கத்தில் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக் கலமும் தன் நிறமூர்த்தத்தின் சொல்லையே கேட்டிருக்கிறது. பாலூட்டிகளில் ஓமோனின் கை இதைவிட ஓங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. வை இருந்தும், ஆண் ஓமோனை உணரும் புரதத்துக்காக எக்ஸில் உள்ள பரம்பரையலகு பழுதானதால் பெண்ணுடலோடு வளர்ந்து பெண்களாகவே வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வந்தாறுமூலை மாணவன் எழுதியது

ரீச்சர், அளவு பற்றி ஒரு கேள்வி. ஆணும் பெண்ணும் சராசரியில் 13 செ.மீ. உயரத்தில் வேறுபடுகிறார்கள் என்றால், அதில் ஓமோனுக்கு எவ்வளவு, நிறமூர்த்தத்துக்கு எவ்வளவு என்று எவராவது பிரித்திருக்கிறார்களா?

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

உயரத்துக்குப் பிரித்திருக்கிறார்கள். 2025ல் ஏறத்தாழ பத்து இலட்சம் பேரின் பதிவுகளுக்குள், எக்ஸோ வையோ கூடிக் குறைந்தவர்களைத் தேடி எடுத்து ஒப்பிட்டபோது, கூடுதல் வை ஒன்று கூடுதல் எக்ஸ் ஒன்றைவிட 3 செ.மீ. அளவில் அதிக உயரம் தருவதாகத் தெரிந்தது. 13 செ.மீ. வேறுபாட்டில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இரண்டு நிறமூர்த்தங்களின் நுனியிலும் இருக்கும் ஷொக்ஸ் என்ற வளர்ச்சிப் பரம்பரையலகு, அடைபட்ட எக்ஸில் சற்று மந்தமாகவும் வையில் முழு வேகத்திலும் வேலை செய்வது அதற்கான விளக்கம். டேர்னர் பிள்ளைகள் குட்டையாக இருப்பதும் இதே ஷொக்ஸ் ஒன்று குறைவதால்தான். மிச்ச மூன்று பங்கில் பெரும்பகுதி ஓமோனுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். நோய்களுக்கு இப்படிப் பங்கு பிரிப்பது இன்னும் கைகூடவில்லை.

கல்லடிப்பாலம் எழுதியது

எல்லோருக்கும் நன்றி. என் தங்கைக்கு இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு காலமும் நான் ஏதோ சாப்பிட்டதால் வந்தது என்றுதான் நினைத்தேன்" என்றாள். தம்பியைப் பற்றிய கேள்வி மட்டும் மிச்சம்.

மருதமுனை தறியடி எழுதியது

அக்கா, லூப்பஸ் உள்ளவரின் உடன்பிறப்புக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஆனாலும் பெரும்பாலான உடன்பிறப்புகளுக்கு அது வருவதில்லை. எக்ஸ் ஒன்றே உள்ள தம்பிக்கு மேலும் குறைவு. ஆனால் பத்தில் ஒருவர் ஆண் என்பதும் உண்மை. பெண்களின் நோய் என்ற எண்ணத்தால் ஆண்களில் அதை நினைத்துப் பார்க்கத் தாமதமாவதுண்டு. வெயில் பட்டால் முகத்தில் சிவந்து பரவும் தடிப்பு, மூட்டு வீக்கம், ஆறாத வாய்ப்புண், நுரைக்கும் சிறுநீர் என்று ஏதாவது நீடித்தால், தங்கைக்கு இந்நோய் இருப்பதை வைத்தியரிடம் தம்பி தானாகவே சொல்ல வேண்டும்.

எக்சிஸ்ட் பற்றியும் ஒன்று விட்டுவிட்டேன். எக்ஸை மூடுகின்ற அந்த ஆர்.என்.ஏயோடு பல புரதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். லூப்பஸ் போன்ற நோயுள்ளவர்களின் உடல் அவற்றுள் பலவற்றுக்கு எதிராகப் பிறபொருளெதிரி ஆக்குகிறது. 2024ல் ஸ்டான்போர்டில், நோய்க்கு இலகுவில் ஆளாகும் ஆண் எலிகளை, எக்ஸை அடைக்காத மாதிரி திருத்திய எக்சிஸ்டை ஆக்கும்படி செய்து, நோயைத் தூண்டும் இரசாயனத்தையும் கொடுத்தபோது, அவற்றுக்குப் பெண் எலிகளுக்கு நிகராக லூப்பஸ் போன்ற நோய் வந்தது. இரண்டாவது எக்ஸை அடைக்கும் பூட்டே சிலரில் உடலுக்கு அந்நியமாகத் தெரிகிறது என்பதே இதன் பொருள்.

அக்கரைப்பற்று மதீனா எழுதியது

பூனையைப் பிடித்துப் பார்த்தோம். வாப்பா இன்னும் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அரிசிச் சாக்குக்குப் பின்னால் நான்கு குட்டிகள் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு செம்மஞ்சள்.

களுவாஞ்சிக்குடி ரீச்சர் எழுதியது

அந்த இரண்டும் அநேகமாகக் கடுவன்களாக இருக்கும். கண் திறந்ததும் பார்த்துச் சொல்லுங்கள்.